முதல் கைத்துப்பாக்கிப் போட்டியா? பதற்றம் வேண்டாம்

கோலாலம்பூரில் முதன்முறை ஐபிஎஸ்சி (ஓடி நகர்ந்தபடியே இலக்குகளைச் சுடும் துப்பாக்கி விளையாட்டு) போட்டியில் இறங்கிய நான், தொடங்கச் சொல்லி டைமர் ‘பீப்’ என்றதும் பதறி ஓர் அட்டை இலக்கைச் சுடாமலேயே கடந்து ஓடிவிட்டேன். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துத்தான் மதிப்பெண் கணக்கிடுகிறார்கள். இலக்கின் நடுவிலுள்ள ஏ பகுதியில் பட்டால் 5 புள்ளிகள். தவறவிட்ட ஒவ்வொரு குண்டுக்கும் 10 கழியும். அதனால் முதலில் குறி தவறாமல் சுடுங்கள், வேகம் தானாக வரட்டும்.

நகரும்போதும் மேகசின் (தோட்டாக் கூடு) மாற்றும்போதும் விரல் விசை வளையத்துக்கு வெளியே இருக்கவேண்டும். பிசகினால் அத்துடன் வெளியேற்றம்தான். காலித் துப்பாக்கியைக் கையாள ஒதுக்கிய பாதுகாப்பு மேசையில் தோட்டாவைத் தொடவே கூடாது, வெடிக்காத டம்மித் தோட்டாவையும்கூட! துப்பாக்கி கைதவறி விழுந்தால் குனிந்து எடுக்காதீர்கள், களத்தைக் கண்காணிக்கும் அதிகாரி எடுப்பார். கை துடைக்க ஒரு துண்டு கொண்டுபோங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் பத்து மணிக்கே கைப்பிடி வழுக்கத் தொடங்கிவிடும்.