கடைமடைக்குத் தண்ணீர் வந்தாச்சா? முதல் காதல் கதையில் குறியீடு வைக்கும் முறை

பிளஸ் ஒன் படிக்கும் பையன்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு இன்னொருவன்மேல் பிரியம் வந்துவிட்டது. அதற்கு என்ன பேர் என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் வாயால் சொல்ல முடியாததைக் கதையில் ஒரு பொருள் சொல்லியாக வேண்டும். குறியீடு வேலைக்கு வருவது அங்கேதான். இப்படியொரு கதையை முதன்முதலாக எழுத உட்காருகிறவர்களுக்கு, நான் செய்யும் முறையையே சொல்கிறேன்.

படி 1: ஆண்டையும் தண்ணீரையும் முடிவு செய்யுங்கள்

நான் 2018-ஐ எடுத்துக்கொள்கிறேன். ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை அந்த ஆண்டு ஜூலை 19-ல்தான் திறந்தது. அணை 120 அடி நிரம்பிய பிறகும் பாசனத்தின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்கள் காய்ந்துகிடந்தன. "தண்ணி வந்துச்சா?" என்று டீக்கடையில், வரப்பில், பஸ்ஸில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதே கேள்வியைப் பையனும் கேட்கட்டும். அவனுக்கு மட்டும் அதில் இன்னொரு பொருள் இருக்கும்.

இதை வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் இதை உள்ளுறை என்கிறது. தெய்வம் ஒன்றை நீக்கிவிட்டு, நிலத்தின் மற்றக் கருப்பொருள்களை, அதாவது அங்குள்ள மரம், விலங்கு, பறவை, தொழில் போன்றவற்றை வைத்து மனத்தைச் சொல்லும் முறை அது. ரோஜாவையும் பட்டாம்பூச்சியையும் விட்டுவிடுங்கள். மடை இருக்கிறது, நாற்றங்கால் இருக்கிறது, வரப்பில் நண்டு வளை இருக்கிறது.

படி 2: ஒரே ஒரு பொருளை மூன்று முறை காட்டுங்கள்

என் பொருள் சைக்கிள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் ஸ்டாண்டில் எது யாருடையது என்று தெரியாது. ஆடிப்பெருக்கன்று அம்மா கையில் கட்டிய மஞ்சள் நூலில் மிச்சத்தை இவன் ஹேண்டில்பாரில் சுற்றி வைக்கிறான். முதல் முறை அது வெறும் அடையாளம். அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதாதீர்கள்.

இரண்டாவது முறை, நண்பன் சைக்கிளை மாற்றி எடுத்துப் போய்விடுகிறான். மறுநாள் காலை:

"நூல் அவிழ்ந்து தொங்கும் என்று நினைத்தான். அவிழவில்லை. இவன் போட்டது ஒற்றை முடிச்சு. இப்போது இருப்பது இரட்டை முடிச்சு. நுனியில் நாற்றங்கால் சேறு காய்ந்திருந்தது."

இங்கே நிறுத்திவிட வேண்டும். 'அவன் நெஞ்சிலும் ஒரு முடிச்சு விழுந்தது' என்று எழுதக் கை துடிக்கும். எனக்கும் துடித்தது. எழுதினால் அந்தச் சேறு செத்துப்போகும்.

மூன்றாவது முறை, மார்கழிப் பனியில் நூல் வெளுத்துவிட்டது. பக்கத்துச் சைக்கிளிலும் ஒரு வெளுத்த நூல். அவ்வளவுதான்.

படி 3: அழைக்கும் சொல்லைக் கவனியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நம் பையன்கள் ஒருவரையொருவர் 'மாப்ள' என்கிறார்கள், 'மச்சான்' என்கிறார்கள். இரண்டும் கல்யாணத்தால் வரும் உறவுச் சொற்கள். விளையாட்டாகப் பேசும்வரை யாருக்கும் அது உறைப்பதில்லை. பிரியம் வந்த பையனுக்கு உறைக்கும். நேற்றுவரை நூறு தடவை சொன்ன சொல் இன்று தொண்டையில் நிற்கும்.

"என்னடா, புதுசா பேரச் சொல்லிக் கூப்புடுற?"

"சும்மாதான்."

"கோவமா?"

"இல்லடா."

இந்த நான்கு வரியில் காதல் என்ற சொல்லே இல்லை. தமிழில் பேசிப் பழகியவருக்கு அது தேவையும் இல்லை. பொருள் மட்டுமல்ல, விட்டுப்போன ஒரு சொல்லும் குறியீடாகும். பிறகு ஒருநாள், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நண்பன் சத்தமாக 'மாப்ள' என்று கூப்பிடட்டும். அது விளையாட்டா இல்லையா என்று இவன் ராத்திரி முழுக்க யோசிக்கட்டும்.

படி 4: வெளியுலகத்தைச் சின்னதாக வையுங்கள்

2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறுநாள் டீக்கடையில் அந்தப் பேப்பர் கிடக்கும். பையன் படித்துவிட்டு, அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து வைக்கட்டும். சொற்பொழிவு வேண்டாம்.

படி 5: எதைத் தொடக்கூடாது

ஆற்றில் ஒருவனை மூழ்கடித்துக் கதையை முடிக்காதீர்கள். இப்படிக் காதலிக்கிற பையன்களைக் கதைகளில் நிறையச் சாகடித்துவிட்டோம். இதைப் படிக்கப்போகும் பதினாறு வயதுக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வரும். மனம் உடைந்ததற்கு அதை உவமையாக்க ஆசை வரும். வேண்டாம். தென்னையும் கூரையும் போனவர்களின் துயரம் நம் கதைக்கு அலங்காரமில்லை. புயலைப் புயலாகவே எழுதுங்கள். விடிந்ததும் நண்பன் அரிவாளோடு வருகிறான். இவன் வாசலில் விழுந்த தென்னையை இருவரும் வெட்டி நகர்த்துகிறார்கள். அடியில் சைக்கிள். நண்பன் அதை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, அடுத்த வீட்டு மரத்துக்குப் போகிறான். அந்த இடத்தில் நூலைப் பற்றி நான் எழுத மாட்டேன்.