ஆங்கில பாசேஜ் படித்து விடை எழுதப் பழகுவது எப்படி? ஆரம்பநிலையினருக்கான பயிற்சி முறை

காம்ப்ரிஹென்ஷனில் மார்க்கை விடுகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. விடையைப் பார்த்தால் பாதி தப்பு." புரிந்த மாதிரி இருப்பது வேறு, புரிவது வேறு. எது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எழுதிய ஒவ்வொரு விடைக்கும் பாசேஜில் எந்த வரி ஆதாரம் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது ஊகம், தற்செயலாகச் சரியாக இருந்தாலும் ஊகம்தான். இந்தப் பயிற்சி முழுக்க அந்தப் பழக்கத்தைச் சுற்றியே போகிறது. வொக்காபுலரியும் அதிலிருந்தே வரும். ஆயிரம் சொல் பட்டியலைத் தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வேண்டியவை

விடையும் விளக்கமும் உள்ள பாசேஜ்கள், பென்சில், சிவப்புப் பேனா, கடிகாரம், புதுச் சொற்களை எழுதி வைக்க உள்ளங்கை அளவு அட்டைகள், ஒரு நோட்டு. இவற்றோடு கற்பவர்களுக்கான ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றிலும் கற்பவர் பதிப்பு உண்டு. லாங்மேனில் விளக்கங்களை ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். அதனால் ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப் போய் இன்னும் மூன்று சொல்லுக்கு அர்த்தம் தேட வேண்டிய தொல்லை குறையும்.

படி 1: பாசேஜின் கனத்தை அளந்து பாருங்கள்

முதல் 100 சொற்களைப் படித்து, தெரியாத சொல்லை எல்லாம் பென்சிலால் புள்ளி வையுங்கள். இரண்டு மூன்று புள்ளி வந்தால் தாராளமாகத் தொடங்கலாம். ஐந்து வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் அந்த பாசேஜை எடுத்து வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள். துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள 100 சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது, சொல் கற்பது பற்றி நெடுங்காலம் ஆய்வு செய்த பால் நேஷன் போன்றவர்கள் சொல்லும் கணக்கு. பத்துச் சொல் தெரியாத பாசேஜில் உட்கார்ந்தால் நடப்பது காம்ப்ரிஹென்ஷன் பயிற்சி அல்ல, அகராதிப் பயிற்சி.

தொடக்கத்துக்கு 300 முதல் 400 சொல் உள்ள பாசேஜ், ஐந்தாறு கேள்வி போதும்.

படி 2: ஒரு நிமிட மேலோட்டம்

தலைப்பு, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம், கடைசிப் பத்தியின் கடைசி வாக்கியம். இவ்வளவுதான். பிறகு கேள்விகளைப் படியுங்கள், ஆனால் ஆப்ஷன்களைப் படிக்காதீர்கள். நான்கு ஆப்ஷனில் மூன்று பொய். பாசேஜைத் தொடுவதற்கு முன்பே மூன்று பொய்யை மனதில் ஏற்றிக்கொண்டால், படிக்கும்போது அவைதான் கண்ணில் படும். கேள்வி எதைப் பற்றியது, காரணமா, ஆளா, ஆண்டா, ஆசிரியரின் கருத்தா என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

படி 3: வாக்கியத்தின் முதுகெலும்பைப் பிடியுங்கள்

தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அதனால் இங்கே அவசரப்பட வேண்டாம்.

தமிழில் அடைமொழி முழுவதும் பெயருக்கு முன்னால் வந்துவிடும்: "நிறுவனத்துக்கு நிலத்தை விற்ற விவசாயிகள் வெளியேற மறுத்தார்கள்." யார் மறுத்தார்கள் என்பதில் குழப்பமே இல்லை. விவசாயிகளும் மறுத்ததும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இதே வாக்கியம் ஆங்கிலத்தில்: "த ஃபார்மர்ஸ் ஹூ ஹேட் சோல்ட் தேர் லேண்ட் டு த கம்பெனி ரிஃப்யூஸ்ட் டு லீவ்." அடைமொழி பெயருக்குப் பின்னால் போய்விட்டது. இப்போது 'ரிஃப்யூஸ்ட்' என்ற வினைக்குப் பக்கத்தில் நிற்பது 'கம்பெனி'. வேகமாகப் படிக்கிற கண், கம்பெனிதான் வெளியேற மறுத்தது என்று எடுத்துக்கொள்ளும். அதையே ஓர் ஆப்ஷனாகவும் வைத்திருப்பார்கள்.

இதற்கான பயிற்சி: தினமும் ஐந்து நீள வாக்கியங்களை எடுங்கள். ஹூ, விச், தட் என்று தொடங்கும் துண்டையும், இரண்டு கமாவுக்கு நடுவில் நிற்கும் துண்டையும் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மீதியைப் படியுங்கள். 'ஃபார்மர்ஸ் ரிஃப்யூஸ்ட் டு லீவ்' என்று முதுகெலும்பு மட்டும் நிற்கும். அதைத் தமிழில் ஒரே வரியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அடைப்புக்குறிக்குள் போட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்தால் பென்சில் இல்லாமலே கண் அடைப்புக்குறி போடும்.

படி 4: சின்னச் சொற்களில் கவனம்

பெரிய சொல் தெரியாமல் போகும் மார்க்கைவிட, தெரிந்ததாக நினைக்கும் சின்னச் சொல்லில் போகும் மார்க் அதிகம்.

'ஹார்ட்லி' என்றால் கடினமாக என்று அர்த்தம் இல்லை, 'ஏறத்தாழ இல்லவே இல்லை' என்று அர்த்தம். 'ஃப்யூ' என்றால் சொற்பம், போதாத அளவு. அதற்கு முன்னால் ஓர் 'எ' வந்து 'எ ஃப்யூ' ஆனால் 'சில இருக்கின்றன' என்று தொனி மாறிவிடும். 'எனிதிங் பட்' என்றால் 'அது மட்டும் இல்லவே இல்லை', 'நத்திங் பட்' என்றால் 'அது மட்டுமே'. நேர் எதிர்.

காரணமும் விளைவும் இடம் மாறுவதையும் கவனியுங்கள். 'ரிசல்ட் இன்' வந்தால் இடப்பக்கம் காரணம், வலப்பக்கம் விளைவு. 'ரிசல்ட் ஃப்ரம்' வந்தால் அப்படியே தலைகீழ். படிக்கும்போது காரணத்திலிருந்து விளைவை நோக்கி ஓர் அம்புக்குறி வரையுங்கள். இரண்டு நொடி வேலை, ஒரு கேள்வியைக் காப்பாற்றும்.

தமிழில் நாம் புழங்கும் ஆங்கிலச் சொற்களும் காலை வாரிவிடும். "எனக்கு ஒரு டவுட்" என்று நாம் சொல்வது கேள்வி கேட்க. பாசேஜில் ஒருவர் ஓர் அறிக்கையை 'டவுட்' செய்தார் என்றால், அவர் அதை நம்பவில்லை. பக்கத்திலேயே இன்னொரு சொல், 'சஸ்பெக்ட்'. தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் என்றுதான் சொல்வோம். ஆனால் 'ஐ டவுட் ஹி கேம்' என்றால் அவன் வரவில்லை என்று நினைக்கிறேன். 'ஐ சஸ்பெக்ட் ஹி கேம்' என்றால் வந்திருப்பான் என்று நினைக்கிறேன். ஒரே தமிழ்ச் சொல், ஆங்கிலத்தில் எதிரெதிர் திசை. அட்டையில் 'சந்தேகம்' என்று மட்டும் எழுதி வைத்தால் தேர்வில் ஏமாறுவீர்கள்.

படி 5: வரி காட்டி விடை எழுதுங்கள்

விடையைக் குறித்ததும், பாசேஜில் அதற்கான வரிக்கு அடியில் கோடு போட்டு, ஓரத்தில் கேள்வி எண்ணை எழுதுங்கள். வரி கிடைக்கவில்லையா? எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஒரு மாதிரி பார்க்கலாம். மொழி குறுக்கே வராமல் விடை காணும் விதம் மட்டும் தெரியட்டும் என்று தமிழிலேயே தருகிறோம்:

"ஒரு நகரத்தில் 12 தெருக்களில் மரம் நட்டார்கள். பெரும்பாலான தெருக்களில் மதிய வெப்பம் குறைந்தது. அகலமான இரண்டு தெருக்களில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. வேர்கள் நடைபாதையைப் பெயர்ப்பதாகக் குடியிருப்பவர்கள் சிலர் புகார் சொன்னார்கள். பராமரிப்புச் செலவை நிர்வாகம் ஏறத்தாழ யோசிக்கவே இல்லை."

ட்ரூ (சரி), ஃபால்ஸ் (தப்பு), நாட் கிவன் (பாசேஜில் சொல்லவில்லை) வகைக் கேள்வியாக மூன்று கூற்றுகள்:

'மரம் நட்ட எல்லாத் தெருக்களிலும் வெப்பம் குறைந்தது.' மூன்றாவது வாக்கியம் நேராக மறுக்கிறது. ஃபால்ஸ்.

'மரங்களை வெட்டும்படி குடியிருப்பவர்கள் கேட்டார்கள்.' புகார் சொன்னார்கள், அது உண்மை. வெட்டச் சொன்னார்களா? பாசேஜில் ஒரு சொல்கூட இல்லை. கேட்டிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றலாம், ஆனால் அது நம் தலையிலிருந்து வருவது. நாட் கிவன்.

'மரங்களைப் பேண ஆகும் பணத்தை நிர்வாகம் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.' சொற்கள் வேறு, பொருள் அதே. ட்ரூ. சரியான விடை பெரும்பாலும் இப்படித்தான் உடை மாற்றிக்கொண்டு வரும். பாசேஜின் சொல்லை அப்படியே தூக்கி வைத்திருக்கும் ஆப்ஷனைக் கண்டால் இன்னொரு முறை பாருங்கள். பலநேரம் அதுதான் தூண்டில்.

ஃபால்ஸா, நாட் கிவனா என்று குழம்பினால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்தக் கூற்று பொய் என்று நிரூபிக்க எந்த வரியைக் காட்டுவேன்?" வரி இருந்தால் ஃபால்ஸ். இல்லாவிட்டால் நாட் கிவன்.

தலைப்புக் கேள்வியில் அளவு பார்க்க வேண்டும். 'மரவேர்களால் வரும் சேதம்' என்பது ஒரு வாக்கியத்தை மட்டும் மூடும், குட்டைச் சட்டை. 'நகரங்களும் சுற்றுச்சூழலும்' என்பது தொளதொள சட்டை. 'தெருமரங்கள்: பயனும் சிக்கலும்' அளவாகப் பொருந்தும்.

படி 6: தப்பை வகை பிரியுங்கள்

பயிற்சியின் பாதிப் பலன் இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலோர் தவிர்ப்பதும் இதையே. மார்க்கை எண்ணிவிட்டு அடுத்த பாசேஜுக்குத் தாவிவிடுவார்கள். ஐம்பது பாசேஜ் முடித்தும் அதே மார்க் வருவது இதனால்தான்.

தப்பான ஒவ்வொரு கேள்விக்கும், கேள்விக்குறி போட்டுச் சரியாக வந்தவற்றுக்கும், நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். முன்னால் ஓர் எழுத்து: சொல் தெரியாமல் போனால் 'சொ'. வாக்கியம் பிடிபடாமல் போனால் 'வா'. கேள்வியைத் தப்பாகப் படித்திருந்தால் 'கே' ('நாட்', 'எக்செப்ட்' இரண்டையும் தவறவிடுவது இதில் சேரும்). சொந்த அறிவைக் கலந்திருந்தால் 'ஊ'. நேரம் போதாவிட்டால் 'நே'.

பத்து பாசேஜ் முடிந்ததும் எண்ணுங்கள். 'வா' அதிகமா? படி 3-க்குத் திரும்புங்கள், புதுச் சொல் படித்து பலனில்லை. 'ஊ' அதிகம் வருவது பெரும்பாலும் நமக்கு நன்றாகத் தெரிந்த தலைப்பில்தான்.

படி 7: ஒரு பாசேஜுக்கு ஐந்து சொல்

தெரியாத சொல்லை எல்லாம் எழுதாதீர்கள். மூன்று வகைக்கு மட்டும் அட்டை: ஒரு விடையைக் கெடுத்த சொல், ஒன்றுக்கு மேற்பட்ட பாசேஜில் வந்த சொல், எந்தத் தலைப்பிலும் வரக்கூடிய சொல். 'டிக்ளைன்', 'அண்டர்மைன்', 'அட்ரிபியூட்' போன்றவை மூன்றாம் வகை. குகைக்குள் தொங்கும் பாறைக்கு என்ன பெயர் என்பது தேவையில்லை, பாசேஜே விளக்கிவிடும். கல்வித்துறைக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் ஒரு குடும்பம்) அவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டில் தொகுத்தார். அகடமிக் வேர்ட் லிஸ்ட் என்று பெயர். ஒரு சொல்லுக்கு அட்டை போடலாமா என்ற தயக்கம் வந்தால் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்டையின் முன்பக்கம் பாசேஜின் வாக்கியம், சொல் இருந்த இடத்தில் கோடு, முதல் எழுத்து மட்டும். பின்பக்கம் சொல், அந்த இடத்துக்கான தமிழ் அர்த்தம், கூடவே வரும் சொல். 'அட்ரிபியூட்'டுக்கு உதாரணமாக: "பின்னால் 'டு' வரும், விளைவு முதலில், காரணம் 'டு'வுக்குப் பின்." வெறும் 'காரணம் கூறு' என்று எழுதினால் திசை தெரியாது.

அகராதியில் முதல் அர்த்தத்தை எழுதிவிட்டு மூடுவது பெரிய தப்பு. 'நாவல்' என்றால் கதைப்புத்தகம்தான், ஆனால் 'எ நாவல் மெத்தட்' என்றால் புதுமையான முறை. 'அட்ரஸ் த ப்ராப்ளம்' என்றால் சிக்கலைக் கையாள்வது. முன்னொட்டை வைத்து ஊகிப்பதும் எப்போதும் கை கொடுக்காது: 'இன்வேல்யூவபிள்' என்றால் மதிப்பற்றது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. அர்த்தத்தை வாக்கியத்தில் வைத்துப் படித்து, பொருள் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

திருப்பிப் பார்ப்பது 1, 3, 7, 15, 30-ஆம் நாட்களில். விடை தப்பாக வந்தால் அந்த அட்டை மறுபடி முதல் நாளிலிருந்து. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை 1885-இலேயே ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து எழுதினார். இடைவெளி விட்டுத் திருப்புவதுதான் அந்த மறதியை மெதுவாக்கும். அட்டையைத் திருப்பும் முன் விடையை வாயால் சொல்லிவிட வேண்டும். திருப்பிப் பார்த்து "ஆமாம், தெரியும்" என்பது கணக்கில் சேராது.

படி 8: கடிகாரத்தைப் பிறகு எடுங்கள்

முதல் இரண்டு வாரம் நேரம் பார்க்க வேண்டாம். மூன்றாவது வாரம், தேர்வில் ஒரு பாசேஜுக்குக் கிடைக்கும் நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு. ஐந்தில் நான்கு சரியாக வரத் தொடங்கியதும் தேர்வு நேரத்துக்கே இறக்குங்கள். இறக்கியதும் மார்க் விழுந்தால் பயப்படாதீர்கள்; ஒரு வாரம் பழைய நேரத்துக்குப் போய்விட்டு மறுபடி முயலலாம். தினம் 45 நிமிடம், ஒரு நாள் புது பாசேஜ், மறுநாள் அதன் தப்புகளும் அட்டைகளும் என்று மாற்றி மாற்றிப் போகலாம்.

உங்கள் தேர்வின் விதிகளை இந்தக் கட்டத்தில் படித்துவிடுங்கள். உதாரணமாக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் அகடமிக் ரீடிங்கில் 3 பாசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். தாளில் எழுதுகிறவர்களுக்கு விடைத்தாளில் பெயர்த்தெழுதத் தனி நேரம் கிடையாது, அந்த 60 நிமிடத்துக்குள்ளேயே முடிக்க வேண்டும். எழுத்துப்பிழைக்கு மார்க் போகும். இரண்டு சொல்லுக்கு மிகாமல் எழுதச் சொன்ன இடத்தில் மூன்று எழுதினால், பொருள் சரியாக இருந்தாலும் தப்பு. தப்பு விடைக்கு மார்க் குறைப்பதில்லை. அதனால் அங்கே எதையும் காலியாக விடக்கூடாது. மார்க் குறைக்கும் தேர்வாக இருந்தால், இரண்டு ஆப்ஷனையாவது வரி காட்டி வெட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

கடைசி வாரம் புது அட்டை போடாதீர்கள். நோட்டை எடுத்து 'வா', 'ஊ' குறித்த பழைய கேள்விகளை மட்டும், விடையை மறைத்துக்கொண்டு, மறுபடி வரி காட்டிச் செய்யுங்கள்.