நிகழ்ச்சி மாலை 7 மணிக்கு: அதுவரை உள்ள பகலைத் திட்டமிடுவது எப்படி?

வெளியூரில் ஒரு கச்சேரிக்கோ நாடகத்துக்கோ மேட்சுக்கோ டிக்கெட் எடுத்தாயிற்று. நிகழ்ச்சி மாலையில்தான். காலையிலேயே போய் இறங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்து, ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு அப்படியே அரங்குக்குப் போய்விடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நடப்பது வேறு. மூன்றாவது இடத்தில் நேரம் இழுத்துக்கொள்ளும், போன ஓட்டலில் அடுப்பு அணைந்திருக்கும், கடைசியில் பசியும் வியர்வையுமாக ஓடிவந்து பாதி இருட்டில் இருக்கை எண்ணைத் தேட வேண்டியிருக்கும்.

இதற்கு ஊரும் காரணமில்லை, சோம்பலும் காரணமில்லை. காலையிலிருந்து முன்னோக்கித் திட்டம் போடுவதுதான் காரணம். அசைக்க முடியாத நேரம் மாலையில் இருக்கிறது. அதனால் கணக்கு அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

படி 1: டிக்கெட்டை முழுசாகப் படியுங்கள்

பலர் தேதியையும் இருக்கை எண்ணையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். டிக்கெட்டிலிருந்தும் அரங்கின் இணையப் பக்கத்திலிருந்தும் நான்கு விவரங்களை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, எந்த நேரம் எதைக் குறிக்கிறது என்பது. கதவு திறக்கும் நேரம் வேறு, நிகழ்ச்சி தொடங்கும் நேரம் வேறு. ராக், பாப் கச்சேரிகளில் முதலில் வேறொரு குழு பாடுவது வழக்கம். அரை மணி தாமதமாகப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. நாடகம், ஓபரா, சாஸ்திரிய இசை அப்படியல்ல. தொடங்கியபின் வருபவரை முதல் இடைவெளிவரை வெளியிலேயே நிறுத்திவைக்கும் அரங்குகள் நிறைய உண்டு.

இரண்டாவது, எப்போது முடியும். கால்பந்து என்றால் 45 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவே 15 நிமிட இடைவேளை, வீணான நேரத்துக்கான சேர்ப்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2 மணி நேரம். நாக்-அவுட் போட்டியாக இருந்து சமனில் நின்றால் இன்னொரு 30 நிமிட ஆட்டம், அதன்பின் பெனால்டி. மூன்று மணி நேரத்தை நெருங்கிவிடும். டி20 கிரிக்கெட்டுக்கு 4 மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசி ரயிலைப் பிடிக்க முடியுமா என்பதை இந்த எண்தான் முடிவு செய்யும்.

மூன்றாவது, எந்த வாசல். வரைபடச் செயலியில் அரங்கின் பெயரைத் தட்டினால் குறி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் போய் விழும். பெரிய மைதானத்தைச் சுற்றிவர 800 மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் ஆகலாம். உங்கள் வாசல் எதிர்ப்பக்கம் என்றால் கூட்டத்துக்குள் அரை கிலோமீட்டர் கூடுதல் நடை. அதனால் மைதானத்தைக் குறிக்காதீர்கள், வாசலைக் குறியுங்கள்.

நான்காவது, பை. இதில்தான் ஊர் சுற்ற வந்தவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். உதாரணமாக, அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். மைதானங்களில் 2013 முதல், கையடக்கமான சின்னப் பையைத் தவிர, உள்ளிருப்பது வெளியே தெரியும் பைதான் செல்லும். அதுவும் 12 அங்குல நீளம், 12 அங்குல உயரம், 6 அங்குல அகலத்துக்குள் இருக்க வேண்டும். வேறு பல அரங்குகளில் ஏ4 தாள் அளவைத் தாண்டிய பைக்கு அனுமதி கிடையாது. தண்ணீர் பாட்டில், குடை, செல்ஃபி கம்பு, பெரிய கேமரா லென்ஸ் எல்லாம் வாசலில் நின்றுபோகும். முதுகுப்பையோடு கிளம்பும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

படி 2: பின்னோக்கி எழுதுங்கள்

7:00 மணி நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். தாளின் அடியில் 7:00 என்று எழுதி, கீழிருந்து மேலே போங்கள்.

7:00 – நிகழ்ச்சி தொடக்கம்
6:40 – இருக்கையில்
6:10 – வாசல் வரிசையில் (சோதனை, டிக்கெட் ஸ்கேன்)
5:35 – சாப்பிட்ட இடத்திலிருந்து கிளம்புதல்
4:45 – லேசான சாப்பாடு
4:30 – ஊர் பார்ப்பது முடிவு

5:35-லிருந்து 6:10 வரை 35 நிமிடம் எதற்கு என்று கேட்கலாம். நடைக் கணக்கு இப்படி: ஜப்பானில் வீட்டு விளம்பரத்தில் 'நிலையத்திலிருந்து 5 நிமிட நடை' என்று போட்டால் 400 மீட்டர் என்று பொருள்; நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பது அங்கே விதி. சாதாரணமாக நடப்பவருக்கு இது சரியான எண்தான். ஆனால் அதில் சிக்னலில் நிற்பது சேராது, மேடு சேராது, கூட்டமும் சேராது. நிகழ்ச்சி நாளில் அரங்கை ஒட்டிய கடைசி கிலோமீட்டரில் இந்த வேகம் பாதியாகிவிடும். செயலி 12 நிமிடம் என்றால் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 10 நிமிடம் கழிப்பறைக்கு. வரிசையில் நின்றபின் அதற்காக வெளியே வந்தால் மறுபடியும் வரிசையின் வாலுக்குத்தான் போக வேண்டும்.

இப்போது பகலைப் பாருங்கள். காலை 9:30-க்கு வந்து இறங்குகிறீர்கள் என்றால் 4:30 வரை 7 மணி நேரம் கையில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி. இடம் விட்டு இடம் போக ஒன்றரை மணி. பை வைப்பது, வழி தேடுவது, டிக்கெட் வாங்குவது, உட்கார்ந்து மூச்சு வாங்குவது என்று ஒரு மணி. மிஞ்சுவது 3 மணி நேரம். அவ்வளவுதான். ஒரு பெரிய இடத்துக்கு 2 மணி, ஒரு சின்ன இடத்துக்கு 1 மணி. ஐந்து இடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தால் இங்கேயே மூன்றை அடித்துவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் நடு ரோட்டில் நின்று அடிப்பதைவிட முந்தின நாள் அடிப்பது நல்லது.

குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் அந்தச் சின்ன இடத்தையும் எடுத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தை ஓய்வுக்குக் கொடுங்கள்.

படி 3: தூரத்தில் தொடங்கி அரங்கை நோக்கி வாருங்கள்

வரைபடத்தில் அரங்கைச் சுற்றி மனக்கண்ணால் இரண்டு வட்டம் போடுங்கள். உள்வட்டம் 1 கிலோமீட்டர், அதாவது நடந்து போகும் தூரம். வெளிவட்டம், பஸ்ஸிலோ ரயிலிலோ அரை மணியில் வந்துசேரக்கூடிய தூரம். பெரிய இடம் வெளிவட்டத்தில் இருக்கலாம், அதைக் காலையில் முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் பார்ப்பது உள்வட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். அரங்கை எட்டிப் பார்த்துவிட்டு, அருகில் இருப்பதைச் சுற்றிவிட்டு, மதியத்துக்கு மேல் ஊரின் மறுகோடிக்குப் போவார்கள். திரும்பும் நேரத்தில் அலுவலகம் விடும் நெரிசலும் நிகழ்ச்சிக்கு வரும் கூட்டமும் ஒரே சாலையில் சேர்ந்துகொள்ளும். மாலை 4 மணிக்கு நீங்கள் அரங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தால், அதன்பின் எது நின்றுபோனாலும் நிகழ்ச்சி தப்பாது.

படி 4: இடங்களைத் தேர்ந்தெடுப்பது

முதலில் விடுமுறை நாளைப் பாருங்கள். எல்லா அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று நம்பிப் போக முடியாது. தாஜ் மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பாரிஸில் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஒரே ஊரிலேயே இப்படி.

அடுத்து, மூடும் நேரத்தை விட்டுவிட்டுக் கடைசி நுழைவு நேரத்தைப் பாருங்கள். 5 மணிக்கு மூடும் இடத்தில் 4 மணிக்கோ 4:30-க்கோ டிக்கெட் கவுண்டர் மூடிவிடும்.

வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை, தோட்டம், குன்று எல்லாம் காலைக்கு. கூரைக்குக் கீழ் உள்ளவை நண்பகலுக்கு. மழை வந்தால் காலையையும் மதியத்தையும் இடம் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்று பாருங்கள். நேரம் குறிப்பிட்ட நுழைவுச்சீட்டு வாங்குவதானால் காலைக்கு மட்டும் வாங்குங்கள். மதியத்துக்கும் வாங்கிவிட்டால் நடுவில் ஒன்று தாமதமானாலும் இன்னொன்று வீண்.

கடைசி இடத்துக்கு ஒரு தனி விதி உண்டு. அது டிக்கெட்டோ கதவோ இல்லாத இடமாக இருக்கட்டும்: ஏரிக்கரை, பழைய கடைவீதி, பூங்கா. நேரம் இருந்தால் நீட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். காலையில் ஏற்பட்ட தாமதத்தை எல்லாம் இந்த இடம் விழுங்கிவிடும்.

சூரியன் மறைவதைப் பார்க்க ஆசை இருந்தால் கடிகாரம் வேண்டாம், கை போதும். கையை முழுசாக நீட்டி, உள்ளங்கை உங்களைப் பார்க்க, விரல்களைக் கிடைமட்டமாக வையுங்கள். சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவில் எத்தனை விரல் அடங்குகிறதோ, விரலுக்குச் சுமார் 15 நிமிடம். நான்கு விரல் என்றால் ஒரு மணி நேரம். (துருவங்களை நெருங்க நெருங்க சூரியன் சாய்வாக இறங்கும், அங்கே இதைவிட அதிக நேரம் ஆகும். நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில் வைத்து அளப்பது கண்ணுக்கு நல்லது.)

படி 5: சாப்பாடு

'சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நிகழ்ச்சிக்குப் போகலாம்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் இரண்டு முட்டுக்கட்டை. உட்கார்ந்து சாப்பிடும் பல உணவகங்களில் மதியம் 3 மணியிலிருந்து மாலை 6 வரை சமையலறை ஓய்வில் இருக்கும். 7 மணி நிகழ்ச்சிக்குப் போகிறவருக்குச் சாப்பாடு தேவைப்படுவது சரியாக அந்த நேரத்தில்தான். இரண்டாவது, அந்த வேளையில் திறந்திருக்கும் ஒன்றிரண்டு கடைகளுக்கும் அரங்குக்கு வரும் கூட்டம் முழுக்கப் போய் நிற்கும்.

அதனால் பெரிய சாப்பாட்டை மதியத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 1:30 மணிக்கு உட்காருங்கள். 12:30 கூட்டம் எழுந்து போயிருக்கும், சமையலறையும் மூடியிருக்காது. ஊரின் பேர்பெற்ற உணவகத்தில் சாப்பிட வேண்டும் என்றால் அது இந்த வேளைதான். ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்: இடம் பிடித்து ஆர்டர் கொடுக்க 15 நிமிடம், தட்டு வர 25, சாப்பிட 35, பில் வந்து பணம் கட்ட 15. கடைசிப் பதினைந்தைச் சுருக்கலாம். கடைசி ஐட்டம் சொல்லும்போதே பில்லையும் போடச் சொல்லிவிடுங்கள்.

4:45-க்கு லேசாக. சூடான பானம், ஒரு சின்ன பலகாரம், கொஞ்சம் பழம் போதும். இந்த வேளைக்கு அரங்கின் வாசலுக்கு எதிரே உள்ள கடைக்குப் போகாதீர்கள். ரயில் நிலையத்திலிருந்து அரங்குக்கு வரும் பாதையைப் பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் இரண்டு தெரு தள்ளித் தேடுங்கள். கூட்டம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. உப்பும் காரமும் அதிகமானதைத் தவிருங்கள். தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பீர்கள், இரண்டாவது பாட்டு நடக்கும்போதே எழுந்து போக வேண்டியிருக்கும்.

மாலையில் மேசை முன்பதிவு செய்தே ஆகவேண்டும் என்றால், பதிவு செய்யும்போதே 'எங்களுக்கு 7 மணிக்கு நிகழ்ச்சி, 5:35-க்கு எழுந்துவிட வேண்டும்' என்று சொல்லுங்கள். அரங்கத்தின் அருகே கடை நடத்துபவர்களுக்கு இது பழகிய விஷயம். எது சீக்கிரம் வரும் என்று அவர்களே சொல்வார்கள்.

படி 6: கையில் என்ன, காலில் என்ன

பெரிய பையைக் காலையிலேயே தங்குமிடத்திலோ ரயில் நிலைய லாக்கரிலோ விட்டுவிடுங்கள். லாக்கர் இரவு எத்தனை மணிவரை என்று கேளுங்கள். நிகழ்ச்சி முடிவதற்குள் அது மூடிவிட்டால் பை மறுநாள்தான் கிடைக்கும்.

இப்படி ஒரு நாளில் 8 முதல் 10 கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். புதுச் செருப்பு வேண்டாம்.

போனில் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: சில டிக்கெட்டுகளின் பார்கோடு சில வினாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் வாசலில் செல்லாது. செயலியிலேயே திறந்து வையுங்கள், அதுவும் கூட்டத்துக்குள் நுழையும் முன்பே. ஆயிரக்கணக்கானோர் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும் இடத்தில் சிக்னல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பாது. மின்னழுத்தம் மாறுவதிலும் சூடாவதிலும் கொஞ்சம் போய்விடும். ஒன்றேகால் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: திரும்பும் வழி

இதைக் காலையிலேயே முடித்துவையுங்கள். திரும்பும் ரயில் டிக்கெட்டை இறங்கிய உடனே வாங்கிவிட்டால் இரவு கவுண்டர் வரிசை மிச்சம். கடைசி வண்டி எது என்று பாருங்கள்; திட்டத்தில் எழுதுவது அதற்கு முந்தின வண்டியாக இருக்கட்டும்.

நிகழ்ச்சி முடிந்த முதல் 30 நிமிடம்தான் மோசமானது. எல்லோரும் ஒரே நேரத்தில் டாக்சி கூப்பிடுவதால் கட்டணம் ஏறும். போலீஸ் சாலையை மறித்திருந்தால் பதிவு செய்த வண்டி உங்களிடம் வரவே முடியாது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, கூட்டம் போகும் திசையை விட்டு விலகி ஒரு கிலோமீட்டர் நடந்து, பெரிய சாலையில் அடையாளம் சொல்லக்கூடிய ஓரிடத்தில் நின்று வண்டி கூப்பிடுவது. இன்னொன்று, அரை மணி உட்கார்ந்துவிடுவது. 4:45-க்கு லேசாகச் சாப்பிட்டவருக்கு அந்நேரம் எப்படியும் பசிக்கும். அதற்கான கடையையும் பகலிலேயே பார்த்து வைத்து, கதவில் மூடும் நேரத்தைப் படித்ததோடு விட்டுவிடாமல், கடைசி ஆர்டர் எத்தனை மணி என்று உள்ளே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். 11 மணிக்கு மூடும் கடையில் 10:30-க்கே அடுப்பை அணைத்திருப்பார்கள்.