கை கடைசியில் வரட்டும்: கிராஸ் குத்து பழகும் முறை

ஒன்பது மாதம் பாக்ஸிங் பழகியும் என் கிராஸ், அதாவது பின்னால் இருக்கும் வலக்கையால் நேராகக் குத்தும் குத்து, தொங்கும் குத்துமூட்டையை (பேக்) தள்ளிக்கொண்டுதான் இருந்தது. நான் குத்தினால் பேக் ஊஞ்சல் மாதிரி ஆடும். பக்கத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் குத்தினால் அது நின்ற இடத்திலேயே உதறும். அவன் எடை என்னில் பாதிதான். அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது பயிற்சிக்கூடத்தில் இல்லை, திருநெல்வேலி தாமிரபரணி ஆற்றின் குறுக்குத்துறைப் படித்துறையில். அதைப் படிப்படியாக எழுதுகிறேன். வலக்கைக்காரர் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்: இடது கால் முன்னால், வலது கால் பின்னால்.

முதலில் சாமான்கள். கிளவுஸுக்குள் கைத்துணி சுற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். 180 அங்குலத் துணியே வாங்குங்கள். 120 அங்குலம் மணிக்கட்டைச் சுற்றி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். கிளவுஸ் 12 அவுன்ஸ் போதும். கயிறு கட்டுவது வேண்டாம், வெல்க்ரோ வாங்குங்கள். கயிறு என்றால் இரண்டாவது கையைக் கட்டிவிட ஆள் தேட வேண்டும். பேக் வாங்கக் காசில்லையென்றால் சாக்கு தைத்துக்கொள்ளலாம், ஆனால் மணல் நிரப்பாதீர்கள். நான் நிரப்பினேன். ஒரே வாரத்தில் மணல் அடியில் இறங்கிக் கல்லாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர்கள் கை துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட்டை இறுக்கித் திணித்தால் நன்றாக இருக்கும்.

படி 1: நிற்பது

தோள் அகலத்துக்குக் கால்கள். முழங்கால்கள் இளக்கமாக. பின்கால் குதி தரையில் அழுந்தாமல் லேசாகத் தூக்கியிருக்கட்டும். இரண்டு கையும் கன்னத்தருகே. அவ்வளவுதான்.

படி 2: குதிகால் மட்டும்

நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட இடம் இது. "பீடித்துண்டை மிதித்து அணைக்கிற மாதிரி பின்காலைத் திருப்பு" என்று மாஸ்டர் சொல்வார். எல்லா மாஸ்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் திருப்பினேன், கை போய்ச் சேர்ந்த பிறகு! கால் எப்படித் திரும்ப வேண்டும் என்பது அதில் இருக்கிறது. எப்போது திரும்ப வேண்டும் என்பது இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டு மோட்டார் போய்விட்டது. பொங்கலுக்கு முன்னால் சேறு படிந்த போர்வைகளை ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு ஆச்சியோடு போனேன். நனைந்த போர்வை என்ன கனம் கனக்கும் என்று துவைத்தவருக்குத் தெரியும். கல்லில் பத்து அடி அடிப்பதற்குள் எனக்குத் தோள் விட்டுப்போயிற்று. ஆச்சிக்கு எழுபத்திரண்டு வயது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏலே, கைய வச்சா அடிக்க? இடுப்ப வச்சி அடில" என்று சொல்லி, வாங்கி அடித்துக் காட்டினாள். பின்கால் முதலில் உந்தியது, இடுப்பு திரும்பியது, தோள் வந்தது, கை சும்மா கூடவே வந்தது. கடைசியில் துணி கல்லில் 'பளார்' என்றது. துணி தொளதொளவென்றுதான் இருந்தது, கல்லில் படும் அந்த ஒரு நொடியைத் தவிர.

துவைப்பது மேலிருந்து கீழே, குத்து நேராக. அது வேறு. ஆனால் வரிசை ஒன்றுதான்.

சரி, பழகும் விதம்: இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். பின்காலின் முன்பாதத்தை ஊன்றிக் குதியை வெளிப்பக்கம் திருப்புங்கள். பாதம் மட்டும் திரும்பினால் போதாது, முழங்காலும் இடுப்பும் அதோடு சேர்ந்து திரும்ப வேண்டும். வலது தோள் தானாக முன்னால் வந்தால் சரி. திரும்பி முடித்ததும் மூக்கு முன்கால் முட்டியைத் தாண்டிப் போயிருந்தால் நீங்கள் விழுகிறீர்கள், திரும்பவில்லை. மூன்று நிமிடம் இப்படி, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். ஒரு வாரத்துக்குக் கை வேண்டவே வேண்டாம். சலிப்பாகத்தான் இருக்கும்.

சிலம்பம் கற்ற என் தம்பிக்கு இது முதல் நாளே வந்துவிட்டது. அவன் ஆசான் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் வாரக்கணக்கில் காலடி மட்டும் போட வைத்தாராம். எனக்குப் பொறாமைதான்.

படி 3: கையைச் சேர்ப்பது

இப்போது கையை அவிழ்க்கலாம். குதி திரும்பத் தொடங்கிய பிறகுதான் கை கன்னத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். போகும் வழியில் விரல்கள் தளர்வாக, படும்போது மட்டும் முஷ்டி இறுக்கம். மூச்சை 'உஸ்' என்று விடுங்கள். பட வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அந்த எலும்பு முறியக்கூடும். குத்தத் தெரியாமல் சுவரைக் குத்துகிறவர்களுக்கு முறிவதும் பெரும்பாலும் அதுதான். இடக்கை கன்னத்திலேயே இருக்கட்டும்.

படி 4: பேக்

பாதி வேகத்தில் தொடங்குங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'தொப்' என்று சத்தம் வந்து பேக் ஆடினால் கை முந்திவிட்டது, படி 2க்குத் திரும்புங்கள். 'டப்' என்று வெட்டி, பேக் உதறினால் வரிசை சரி. எனக்கு அந்த 'டப்' முதலில் வந்த அன்று திரும்பத் திரும்ப அடித்தேன், அடுத்த நாற்பதும் 'தொப்'தான். பயப்படாதீர்கள், போய்ப் போய் வரும்.

பின்னால் சேர்த்தது: இதைப் பார்த்துப் பழகிய இரண்டு பேருக்கு முழங்கால் வலி வந்திருக்கிறது. கேட்டால் இருவருமே வெறுங்காலில், சொரசொரப்பான தட்டட்டியில் (மொட்டை மாடியில்) பழகியிருக்கிறார்கள். பாதம் தரையில் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பினால் முட்டிதான் முறுக்கு வாங்கும். பழைய காலுறை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். பாய் விரித்துப் பழகாதீர்கள், அது வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னொருவர் இடக்கைக்காரர்: எல்லாவற்றையும் அப்படியே இடம் மாற்றிக்கொள்ளுங்கள், வலது கால் முன்னால். துவைத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தார். பார்க்கலாம், போர்வையாக இருக்கட்டும். சட்டை என்றால் பொத்தான் தெறித்துவிடும்.