ப்ராஜெக்ட் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் இன்ஸ்பயர் மானக் கண்காட்சியாக இருக்கட்டும், கல்லூரியில் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானாக இருக்கட்டும், நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கொண்டுபோகும் ப்ராஜெக்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கோட்டை விடுவது நடுவர் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான். அதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வழிகாட்டும் ஆசிரியர்கள் இருக்கிற நேரத்தையெல்லாம் மூன்று நிமிடப் பேச்சை மனப்பாடம் செய்ய வைப்பதில் செலவழித்துவிடுகிறார்கள். பேச்சு முடிந்ததும் வருகிற முதல் கேள்விக்கு அணியில் ஒருவரும் தயாராக இருப்பதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விகளைப் பற்றியதுதான்.

முதல் தவறு தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து வீடுகளில் அந்த வலி இன்னும் ஆறவில்லை. அதனால் கடலில் சிக்கியவர் எங்கே இருக்கிறார் என்று கரைக்குச் சொல்லும் கருவி செய்யலாம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவது இயல்பு. நல்ல மனசும்கூட. இடத்தைக் கண்டறிய ஒரு ஜிபிஎஸ், செல்போன் சிக்னலில் செய்தி அனுப்ப ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், இரண்டையும் இயக்க ஒரு ஆர்டுயினோ போர்டு. பொத்தானை அழுத்தினால் வீட்டுக்கு எஸ்எம்எஸ் போகும். வகுப்பறையில் அருமையாக வேலை செய்யும்.

நடுவர் வந்து, "நடுக்கடல்ல டவர் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டதும் அணி அப்படியே நின்றுவிடும். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே செல்போன் சிக்னல் அற்றுப்போகும். தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுகளோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய், நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவை. அடுத்த கேள்வி, "இது ஏற்கெனவே இருக்கே?" இந்தியாவின் ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாகப் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் பகுதிகளையும் படகுக்கு அனுப்பும் ஜெமினி கருவி 2019லேயே வந்துவிட்டது. ஆபத்தில் இருக்கிறோம் என்று படகிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் இஸ்ரோவின் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி போய்ச் சேர்ந்தது என்ற பதிலும் படகுக்குத் திரும்ப வரும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால் ப்ராஜெக்டைத் தூக்கிப் போட வேண்டும் என்றில்லை. "உலகில் முதல்முறையாக" என்ற வரியை மட்டும் தூக்கிப் போட்டால் போதும். "சார், ஜெமினியில படகுக்குச் செய்தி வரும், படகுல இருந்து அனுப்ப முடியாது. இஸ்ரோ கருவியில அனுப்பலாம். நாங்க செய்தது கரையோரமா போற சின்ன வள்ளத்துக்கு, சிக்னல் இருக்கிற தூரம் வரைக்கும்தான்" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொன்னால், எந்த நடுவரும் நிமிர்ந்து பார்ப்பார். எல்லையைத் தெரிந்து வைத்திருப்பவரை நம்பத் தோன்றும்.

இதோடு சேர்ந்தது அடுத்த தவறு: கருவியைப் பயன்படுத்தப் போகிறவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் செய்து முடிப்பது. குலசேகரம், அருமனை பக்கத்துப் பிள்ளைகள் ரப்பருக்கு மழை எச்சரிக்கை மணி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்சாரில் துளி விழுந்தால் மணி அடிக்கும். பால் வெட்டுபவர் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார். மரத்தை வெட்டி, சிரட்டையில் பால் வடியத் தொடங்கிய பிறகு மழை விழுந்து மணி அடித்தால் அவருக்கு என்ன பயன்? மழை வருமா என்று கத்தியை எடுக்கும் முன்னால் தெரிந்தால்தானே அன்றைய வெட்டைத் தள்ளிப்போடலாம். வெட்டில் மழைநீர் இறங்காமல் தடுக்க மரத்தில் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தால் கணக்கே வேறு. ஒரு காலையில் ஒருவருடன் தோட்டத்தில் நடந்திருந்தால் இது தெரிந்திருக்கும். அப்படிக் கேட்ட குறிப்பு, கருவியை வைத்துப் பார்த்த போட்டோ, அவர் சொன்ன குறை, இவை மேசையில் இருந்தால் வண்ண சார்ட்டைவிட அதிகம் பேசும்.

சரி, மனப்பாடத்துக்கு வருவோம். வாய்ப்பாடு போல ஒப்பிக்கும் பிள்ளையை நடுவர் பாதியில் நிறுத்தி, "இந்த ரெசிஸ்டர் எதுக்கு?" என்று கேட்பார். பிள்ளை மேலே பார்க்கும், உதடு அசையும், பிறகு மறுபடி "வணக்கம், எங்கள் திட்டத்தின் பெயர்..." என்று முதலில் இருந்து தொடங்கும். அந்தப் பிள்ளைக்கு ரெசிஸ்டர் எதற்கென்று தெரியாமல் இல்லை. பேச்சின் வரிசை அறுந்துவிட்டது, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்த பேச்சே வேண்டாம் என்பேன். யாருக்காகச் செய்தோம், எப்படி வேலை செய்கிறது, எப்படிச் சோதித்தோம், எங்கே சரியாக வரவில்லை என்று நான்கு சொற்றொடர் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வார்த்தையில் சொல்லிப் பழகட்டும். நடுவில் மறித்து மறித்துக் கேளுங்கள். ப்ராஜெக்டைப் பார்த்தே இராத கணக்கு டீச்சரையும் சத்துணவுக் கூடத்து அக்காவையும் அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். விஷயம் தெரியாதவர் கேட்கும் கேள்விதான் ஆழமாகக் குத்தும்.

"தெரியாது" என்று சொல்லவும் பழக்க வேண்டும். பழக்காவிட்டால் பிள்ளைகள் கதை விடுவார்கள். "எவ்வளவு துல்லியம்?" என்ற கேள்விக்கு "99 சதவீதம் சார்" என்ற பதில் அப்படி வருவதுதான். மேசையில் இருப்பது டிஹெச்டி11 சென்சார். வெப்பநிலையில் 2 டிகிரி வரையும் ஈரப்பதத்தில் 5 சதவீதம் வரையும் அது கூட்டியோ குறைத்தோ காட்டலாம் என்று அதன் தரவுத்தாளிலேயே இருக்கிறது. நடுவருக்கு அது தெரியும். 20 தடவை சோதித்து நோட்டில் எழுதிவிட்டு, "20ல் 17 சரியா வந்தது, மீதி மூணும் வெயில்ல வைச்சப்போ தப்பாச்சு" என்று சொல்லட்டும். தவறிய மூன்றைச் சொன்னதால்தான் அந்தப் பதினேழை நடுவர் நம்புவார்.

மொழி விஷயத்தில் ஒரு வீம்பு நடக்கிறது, அதை விட்டுவிட வேண்டும். போட்டி விதி ஆங்கிலம் என்று சொல்லாதவரை, பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறதோ அதில் பேசட்டும். ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி மூன்று வரி சொல்லும் அதே பிள்ளை தமிழில் சர்க்யூட் முழுவதையும் விளக்கும். ஆங்கிலம் கட்டாயமான இடத்தில், கேள்வி புரியாவிட்டால் திருப்பிக் கேட்க மட்டுமாவது சொல்லிக்கொடுங்கள். புரியாத கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொல்வதுதான் அங்கே அதிகம் நடக்கிற விபத்து.

அணியில் ஒருவரே பேசி, மற்றவர்கள் சார்ட் பிடித்து நிற்பதும் வேண்டாம். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் அணிக்கு ஆறு பேர், அதில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்காக ஒரு பெண்ணைச் சேர்த்து, வரவேற்புரையை மட்டும் அவரிடம் கொடுக்கும் அணிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பேசாமல் நிற்பவரைப் பார்த்தேதான் நடுவர் கேட்பார். யார் எதைச் செய்தார்களோ அதை அவர்களே விளக்கட்டும்.

கருவி விஷயத்தில் மேசையிலேயே காலை வாரிவிடுபவை சில உண்டு. 9 வோல்ட் சதுர பேட்டரியில் ஆர்டுயினோவையும் சர்வோ மோட்டாரையும் சேர்த்து ஓட்டுவது அதில் முதன்மையானது. அந்த பேட்டரியால் அதிகக் கரண்ட் கொடுக்க முடியாது. மோட்டார் அசைந்ததும் வோல்டேஜ் விழும், போர்டு ரீசெட் ஆகும், டெமோ முதலிலிருந்து தொடங்கும். மோட்டாருக்குத் தனியாக 5 வோல்ட் கொடுத்து, கிரவுண்டை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இணைத்தால் இந்தத் தொல்லை தீரும். ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் ஜன்னல் வெயிலில் உளறும், அதனால் அரங்கில் எந்த மூலை கிடைத்தாலும் மறைத்துக்கொள்ள ஒரு அட்டை கையில் இருக்கட்டும். எம்கியூ வகை வாயு சென்சார் சூடேற நேரம் எடுக்கும், நடுவர் வந்த பிறகு ஆன் செய்தால் தப்பாகத்தான் காட்டும். பரவலாகப் பயன்படும் ஈஎஸ்பி32 போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் தெரியும். போன் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் எத்தனை தடவை பாஸ்வேர்டு போட்டாலும் இணையாது. முதல் நாளே அமைப்பை மாற்றி வையுங்கள்.

அப்புறம், பஸ் பயணம். மார்த்தாண்டத்தில் ஏறி நாகர்கோவிலில் இறங்குவதற்குள் பிரெட்போர்டில் செருகிய ஜம்பர் வயர்களில் குறைந்தது இரண்டு கழன்றிருக்கும். டாட் போர்டில் சால்டர் செய்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் ஒவ்வொரு வயருக்கும் பெயர் ஒட்டி, சர்க்யூட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். கருவி நன்றாக ஓடும்போதே ஒரு நிமிட வீடியோவும் எடுத்துவிடுங்கள். அங்கே ஓடாவிட்டால் அதைக் காட்டி, எங்கே பிரச்சினை என்று விளக்கலாம்.

கடைசியாக ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும். நடுவர் கேட்கும்போது பின்னால் நின்று எடுத்துக் கொடுக்காதீர்கள், வாய் அசைத்துக் காட்டுவதும் வேண்டாம். ப்ராஜெக்ட் யாருடையது என்ற சந்தேகம் அங்கேதான் வரும். பிள்ளை பதிலுக்காக ஐந்து விநாடி யோசித்தால் யோசிக்கட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று நடுவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரிசல்ட் எதுவானாலும் மறுவாரம் அணியோடு உட்கார்ந்து, பதில் வராத கேள்விகளுக்குப் பதில் தேடி அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருட அணி தலைப்பு யோசிக்கும்போது முதலில் அந்த நோட்டைத்தான் படிக்க வேண்டும்.