பழைய சைக்கிளிலிருந்து கிக் ஸ்கூட்டர் செய்வது எப்படி

ஓட்டாமல் மூலையில் சாத்தி வைத்த சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் ஹேண்டில்பார், முன் ஃபோர்க் (சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவை), ஹெட் டியூப் (ஃபோர்க்கின் தண்டு நுழைந்து திரும்பும், ஃபிரேமின் முன்பக்கக் குட்டைக் குழாய்), முன் சக்கரம், பிரேக் எல்லாமே ஒரு நல்ல கிக் ஸ்கூட்டருக்கு, அதாவது ஒரு காலைப் பலகையில் வைத்து மறுகாலால் தரையை உதைத்து ஓட்டும் வண்டிக்கு, அப்படியே ஆகும். கூடவே சின்னப் பிள்ளைகள் ஓட்டும் 16 அங்குல சைக்கிளின் முன் சக்கரமும் ஃபோர்க்கும் வேண்டும், அதுதான் நமக்குப் பின் சக்கரம். செயின் கிடையாது என்பதால் பின்னாலும் முன் சக்கரமே போதும், ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) குறுகலாக இருப்பதால் உதைக்கும்போது கணுக்காலிலும் இடிக்காது.

வெட்டும் முன் ஃபிரேமில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, தாராளமாக வெல்டிங் செய்யலாம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அதில் வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி உலோகம் பலம் இழந்துவிடும், அதனால் இந்த வேலைக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நிற்கும் பலகையின் உயரம். உதைக்கிற கால் தரையைத் தொட வேண்டுமானால் நிற்கிற கால் ஒவ்வொரு தடவையும் மடங்கி நிமிர வேண்டும், பலகை 20 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு உதைக்கும் பாதி தோப்புக்கரணம் போட்ட மாதிரிதான், கொஞ்ச தூரத்திலேயே முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். தரையிலிருந்து 6 செ.மீ. இடைவெளி, அதன் மேல் 40 மி.மீ. உயரமுள்ள செவ்வகக் குழாய் இரண்டு, அதற்கு மேல் 12 மி.மீ. பிளைவுட். கால் வைக்கும் இடம் 11 செ.மீ. அளவில் வந்துவிடும். பலகையின் அகலம் 12 செ.மீ. போதும், அகலம் கூடினால் உதைக்கிற கால் அதில் உரசும்.

படம் வரைந்து அளவு எடுப்பதைவிடத் தரையிலேயே அடுக்கிப் பார்ப்பது எளிது. டயர்களில் காற்று முழுதாக இருக்கட்டும். ஹெட் டியூப்பைப் பழைய சைக்கிளில் இருந்த அதே சாய்வில் நிறுத்துங்கள். அந்தச் சாய்வு மாறினால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சாயும், இல்லையென்றால் தொட்டாலே திரும்பும், இரண்டுமே தொல்லை. குழாய்களை 6 செ.மீ. மரக்கட்டைகள் மேல் வைத்து, சின்ன ஃபோர்க்கைப் பின்பக்கம் படுக்கவைத்தால் அது பலகையை நோக்கிச் சரிந்து நிற்கும். அப்புறம்தான் முன்னால் ஃபிரேமின் கீழ்க்குழாய் எந்த இடத்தில் வெட்டுப்பட வேண்டும், அதிலிருந்து பலகைக்கு இறங்கும் குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளந்துகொள்ளுங்கள். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்பி, டயர் எதிலும் படவில்லை என்றும் பார்த்துவிடுங்கள். சின்ன ஃபோர்க்கில் பிரேக் மாட்டும் துளை ஏற்கெனவே இருக்கும், பின் பிரேக்குக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

வெல்டிங் செய்யும் முன் ஹெட் டியூப்பிலிருந்து பால்ரஸ் (உள்ளே உருளும் குண்டுகள்), கிரீஸ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒட்டும் இடத்தில் பெயின்ட், துத்தநாகப் பூச்சு இரண்டையும் கிரைண்டரால் சுத்தமாக எடுத்துவிடுங்கள், துத்தநாகப் புகை நெஞ்சுக்குக் கெடுதல். முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவையுங்கள். அப்புறம் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இடது ஆக்சில் பொத்தலில் ஒரு நூலைக் கட்டி ஹெட் டியூப்பைச் சுற்றி வலது பொத்தலுக்கு இழுத்துக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளி ஒன்றாக இருந்தால் வண்டி நேர். ஒரு பக்கம் 3 மி.மீ. கூடினாலும் இப்போதே தட்டிச் சரிசெய்யுங்கள், முழுதாகப் பற்றவைத்தபின் அது நடக்காது. குழாய் வளைந்து இறங்கும் இடத்திலும், பின் ஃபோர்க் சேரும் இடத்திலும் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவையுங்கள், உங்கள் எடை முழுக்க அந்த இரண்டு மூட்டுகளில்தான் இறங்கும். வெல்டிங்கில் கை பழகாதவர் இந்த இரண்டையாவது பழகியவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

ஹேண்டில்பார் இடுப்புக்குச் சற்று மேலே வரட்டும். ஹேண்டில்பாரைத் தாங்கி ஃபோர்க்குக்குள் இறங்கும் ஸ்டெம் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்தவே கூடாது.

பெயின்ட் அடிக்க அவசரப்பட வேண்டாம். பலகை மேல் ஏறிக் குதித்துப் பாருங்கள், சமதரையில் சில நாள் ஓட்டுங்கள், இரண்டு பிரேக்கும் தனித்தனியாக வண்டியை நிறுத்துகிறதா என்று பாருங்கள். பிறகு வெல்டிங் ஓரங்களைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் மயிரிழை விரிசல் ஏதும் உண்டா என்று தேடுங்கள், பெயின்ட் இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. எதுவும் இல்லையென்றால் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, பிடித்த நிறத்தை அடித்துக்கொள்ளுங்கள்.