ஸீலாந்துக்குக் குழுவாகச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஸீலாந்து மாகாணத்துக்கு முதன்முறையாக நாற்பது பேரை அழைத்துச் சென்றபோது, ஃப்ளிசிங்கன் துறையில் பேருந்தோடு படகேறி, வெஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தைக் கடந்து, அக்கரையில் பிரெஸ்கென்ஸில் இறங்கலாம் என்று பயணத் திட்டத்தில் எழுதி வைத்திருந்தேன். வீட்டு அலமாரியில் கிடந்த பழைய வழிகாட்டி நூலை நம்பியதால் வந்த வினை அது. 2003 மார்ச்சில் கழிமுகத்துக்கு அடியில் 6.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது முதல் அந்தப் படகு நடந்து வருவோருக்கும் மிதிவண்டியில் வருவோருக்கும் மட்டுமே உரியது. ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த மௌனம் திட்டியதைவிடக் கடுமையாக இருந்தது. கடைசியில் நாங்கள் கால்நடையாகப் படகில் ஏறினோம், வண்டி சுரங்கம் வழியாகச் சுற்றி வந்து அக்கரையில் எங்களை ஏற்றிக்கொண்டது. அது நல்ல ஏற்பாடாகவே அமைந்துவிட்டதால், இப்போது வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறோம். இருபது நிமிடப் படகுப் பயணத்தில் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி எந்தச் சுரங்கத்திலும் கிடைக்காது.

அன்று நான் செய்த பிழையின் வேர் வரைபடத்தைப் படித்த விதத்தில் இருந்தது. ஸீலாந்து என்றால் கடல் நிலம் என்று பொருள். தீவுகளும் தீபகற்பங்களும், அவற்றுக்கு இடையே கைவிரல்களைப் போல உள்ளே நுழையும் கடல்நீருமாக இருக்கும் பகுதி அது. வரைபடத்தில் ஒரு விரற்கடை தொலைவில் தெரியும் ஊருக்குப் போக வேண்டுமானாலும், முதலில் எந்தப் பாலம், எந்த அணை, எந்தச் சுரங்கம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குழுவாக வருவோர் இங்கே செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, ஊர்களின் பட்டியலை வைத்து நாளைத் திட்டமிட்டுவிட்டு நீரை மறந்துவிடுவதால் வருபவை.

அவற்றுள் மிகவும் பரவலானது, ஒரே நாளில் மாகாணம் முழுவதையும் பார்த்துவிட நினைப்பது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து மிடில்பர்க் நகரத்துக்குச் சாலை வழியே போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் வண்டி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். ஒரு நாளில் ஓட்டும் நேரம் வழக்கமாக 9 மணியைத் தாண்டக் கூடாது. இரு வேலை நாட்களுக்கு நடுவே பொதுவாக 11 மணி நேர ஓய்வும் வேண்டும். ஆகவே காலை ஏழு மணிக்குப் புறப்பட்ட வண்டி இரவு எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கணக்குக்குள் இரண்டு வழிகள்தாம் இயல்பாகப் பொருந்துகின்றன. ஒன்று, வடக்கே ஸ்கவுவன்-டவ்ஃபெலாண்ட் தீவு: ஸீரிக்ஸே நகரம், அவுவர்கெர்க் வெள்ள அருங்காட்சியகம், கடல் தடுப்பணை. மற்றொன்று, தெற்கே வால்கரன் தீபகற்பம்: மிடில்பர்க், ஃபேரே, ஃப்ளிசிங்கன், கடற்கரை. இரண்டையும் ஒரு நாளில் சேர்த்தால் வண்டியின் சன்னலைத்தான் அதிகம் பார்ப்போம். இரண்டுக்கும் நடுவே 1965இல் திறக்கப்பட்ட, 5,022 மீட்டர் நீளமுள்ள ஸீலாந்து பாலம் இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். திறந்த காலத்தில் ஐரோப்பாவிலேயே நீளமான பாலம் அது என்பது உண்மைதான். ஆனால் பாலத்தைக் கடக்கும் சில நிமிடங்களுக்காக மற்ற இடங்களில் அரை மணி நேரம் அரை மணி நேரமாக வெட்ட வேண்டியிருக்கும்.

வடக்கு வழியைத் தேர்ந்தவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. ஓஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தின் குறுக்கே நிற்கும் கடல் தடுப்பணையில் இறங்கி, பத்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாலையோரத்தில் நின்று பார்த்தால் சாம்பல் நிறத் தூண்களின் வரிசை மட்டுமே தெரிவதால், "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று யாராவது முணுமுணுப்பதும் உண்டு. அந்தத் தூண்கள் ஏன் அங்கே நிற்கின்றன என்பதை அறியாமல் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதனால் முதலில் அவுவர்கெர்க் போக வேண்டும், பிறகுதான் அணை. இந்த வரிசையை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

1953 ஜனவரி 31 இரவு, வடகடலில் எழுந்த புயலும் பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதமும் (கடல்நீரின் ஏற்றமும் வற்றமும்தான் ஓதம்) ஒன்றுசேர்ந்து கரைகளை உடைத்தன. நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள்; அவர்களில் 865 பேர் ஸீலாந்தைச் சேர்ந்தவர்கள். உடைந்த கரைகளில் கடைசியாக அடைக்கப்பட்டது அவுவர்கெர்க்கில் இருந்தது, அதுவும் அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில்தான். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையில் தற்காலிகத் துறைமுகம் அமைப்பதற்கென்று உருவாக்கப்பட்ட வகையைச் சேர்ந்த, பெரிய வீடுகள் அளவுள்ள நான்கு கான்கிரீட் பெட்டிகளை உடைப்பில் இறக்கித்தான் அதை மூடினார்கள். அருங்காட்சியகம் அந்த நான்கு பெட்டிகளுக்குள்ளேயே இயங்குகிறது. உள்ளே நுழைந்ததும் ஒரு குளிர்ச்சி மேலே படும்; கான்கிரீட் சுவரில் கையை வைத்தால், அன்று கடலை நிறுத்தியது இந்தச் சுவர்தான் என்பது சொல்லாமலே விளங்கும். ஆழிப்பேரலையைக் கண்டவர்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள். அவர்கள் இரண்டாவது பெட்டியை விட்டு வெளியே வர நெடுநேரம் ஆனது. குழுத் தலைவர்கள் இங்கே இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஒதுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

இதைப் பார்த்த பிறகு தடுப்பணைக்குப் போனால் தூண்கள் பேசத் தொடங்கும். மொத்தம் 65 தூண்கள், அவற்றுக்கு இடையே 62 எஃகுக் கதவுகள். தூண்களில் பெரியவை ஒவ்வொன்றும் 18,000 டன் எடை கொண்டவை. முதலில் இந்தக் கழிமுகத்தை முழுவதுமாக அணை கட்டி மூடத்தான் திட்டமிட்டிருந்தார்கள். மூடினால் உப்புநீரும் ஓதமும் போய்விடும், சிப்பியும் மட்டியும் அழிந்துவிடும் என்று மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்ததால், 1970களில் திட்டத்தை மாற்றிப் புயல் நாளில் மட்டும் மூடும் கதவுகளை வைத்தார்கள். 1986 அக்டோபர் 4 அன்று அரசி பேயாட்ரிக்ஸ் அணையைத் திறந்துவைத்தார். கதவுகள் மூடுவதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போவதும் ஒரு தவறுதான். கடல் மட்டம் வழக்கமான அளவிலிருந்து மூன்று மீட்டர் உயரும் என்று கணிக்கப்பட்டால்தான் அவை இறங்கும், அப்படிப்பட்ட நாளில் சுற்றுலாப் பேருந்து அந்தப் பக்கம் போகவும் கூடாது. பார்க்க வேண்டியது வேறு. ஓதம் வலுவாக ஓடும் வேளையில் தூண்களுக்கு நடுவே நீர் சுழித்துக்கொண்டு பாயும் காட்சியையும், காலடியில் அது உறுமும் ஒலியையும் ஓத அட்டவணை பார்த்துப் போனவர்கள்தாம் காண்பார்கள். ஓதம் திரும்பும் தறுவாயில் போய்ச் சேர்ந்தால் குளத்து நீர்போலச் சலனமற்றுக் கிடக்கும். அணையின் நடுவே இருக்கும் செயற்கைத் தீவான நீல்ட்யே யான்ஸில் உள்ள பூங்கா குளிர்காலத்தில் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை என்பதையும் முன்பே கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஓத அட்டவணையைப் பார்க்காமல் செய்யும் தவறுகள் இதோடு முடிவதில்லை. சீல்களைப் பார்க்கப் படகுப் பயணம் ஏற்பாடு செய்பவர்கள், எல்லோருக்கும் வசதியான நேரம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளையைத் தேர்ந்துவிடுகிறார்கள். சீல்கள் வெயில் காயும் மணல்திட்டுகள் நீர் வற்றும்போதுதான் வெளியே தெரியும். ஏற்றத்தில் போனால் எப்போதாவது ஒரு தலை மேலே வந்து மறையும், அவ்வளவுதான். இதைவிட ஆபத்தானது, பெல்ஜிய எல்லையை ஒட்டிய சாஃப்டிங்கே சதுப்பு நிலத்துக்குள் தாங்களாக நுழைவது. 1584இல் போரின்போது கரை வெட்டப்பட்டு மூழ்கிப்போன நிலம் அது. ஏறத்தாழ 3,500 ஹெக்டேர் பரப்பில் ஓடைகளும் சேறும் உப்புப் புல்லுமாகக் கிடக்கிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அங்கே ஐந்து மீட்டர் அளவுக்கு வேறுபாடு உண்டு. நீர் முதலில் நமக்குப் பின்னால் இருக்கும் ஓடைகளை நிரப்பிவிட்டுத்தான் கண்ணுக்குத் தெரியும் பக்கம் வரும் என்பதால், ஆபத்தை உணரும்போது திரும்பும் வழி இருக்காது. ஓரத்திலுள்ள குறுகிய நடைபாதையைத் தவிர மற்ற இடங்களுக்கு வழிகாட்டியுடன் மட்டுமே போகலாம். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியும் மாற்றுடையும் இல்லாமல் போனவர்கள், திரும்பும் வழியெல்லாம் பேருந்தின் இருக்கைகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

கடற்கரையில் கொடிகளைக் கவனியாமல் இருப்பதும் இதே இனத்துத் தவறு. சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கக் கூடாது. மஞ்சள் கொடி, நீந்துவது ஆபத்து என்ற எச்சரிக்கை. செம்மஞ்சள் காற்றுப்பை தொங்கினால் காற்றடைத்த மிதவைகளை எடுத்துப் போகக் கூடாது, ஏனென்றால் கரைக்காற்று அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிடும். சிறு குழந்தைகள் அதிகம் இருக்கும் குழு என்றால், 1961இல் அணை கட்டிக் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, ஓதமில்லாத ஏரியாகிவிட்ட ஃபேரே ஏரிக்கரைக்கே போய்விடலாம்.

மிடில்பர்க்கில் நேரத்தைவிடக் கிழமைதான் முக்கியம். வியாழக்கிழமை சந்தை கூடும், ஊரே களைகட்டும். திங்கட்கிழமை போனால் பல அருங்காட்சியகங்களின் பூட்டிய கதவுதான் வரவேற்கும். மடாலயக் கோபுரத்தின் 207 படிகளும் குறுகலானவை என்பதால், மூட்டுவலி உள்ளவர்களை மடாலய முற்றத்தில் அமர்த்திவிட்டு மற்றவர்கள் ஏறுவதே நல்லது. ஆனால் தமிழர்கள் இந்த ஊரை அழகான முகப்புகளுக்காக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்குக் குறையாகவே படுகிறது. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில், ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்த பெரிய கிளை இங்கேதான் இருந்தது. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை எழுப்பி, பின்னர் 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிய கம்பெனி அதுவே. இதே நகரத்தில் 1720இல் தொடங்கிய வேறொரு வணிகக் கம்பெனி ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்றது. அதன் கணக்கேடுகள் ஊரின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. வழிகாட்டியை அமர்த்தும்போதே இவற்றையும் சொல்லும்படி கேட்டுக்கொண்டால், ஒன்றரை மணி நேர நடை வேறு வகையாக அமையும்.

சாப்பாட்டு விஷயத்தில் நாற்பது பேரோடு முன்பதிவின்றி ஓர் உணவகத்துக்குள் நுழைவதைத் தவறு என்று சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. சொல்ல வேண்டியது பருவத்தைப் பற்றி. யெர்செகே ஊரின் கரிய மஸல் மட்டி கோடையின் நடுவில்தான் சந்தைக்கு வரத் தொடங்கும். மே மாதத்தில் போய் அதைக் கேட்டு ஏமாறுபவர்கள் பலர். சைவம் உண்போரின் எண்ணிக்கையை முன்னரே எழுத்தில் தெரிவித்து, மீன் சாறும் கூடாது என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். மீனைச் சைவத்தோடு சேர்த்து எண்ணும் பழக்கம் இங்கே இன்னும் சிலரிடம் இருக்கிறது. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவது நல்ல யோசனைதான், ஆனால் ஃப்ளிசிங்கன் கடலோர நடைமேடையில் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. ஓர் அம்மாவின் கையிலிருந்த அப்பளத்தைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன், அவர் கையில் ஒரு கீறல்கூட இல்லை. அத்தனை பயிற்சி அதற்கு. இனிப்புக்கு, பட்டையும் சர்க்கரையும் பாகாகக் கசியும் போலுஸ் என்ற சுருள் ரொட்டியை வாங்கலாம். அதைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் வெண்ணெய் தடவித் தின்பதே உள்ளூர் வழக்கம்.

ரயிலில் போகும் சிறு குழுக்கள், மாகாணத்தின் பயணி ரயில்கள் கூஸ், மிடில்பர்க், ஃப்ளிசிங்கன் வழியாகச் செல்லும் ஒரே பாதையில்தான் ஓடுகின்றன, ஸீரிக்ஸேக்கு ரயிலே கிடையாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வங்கி அட்டையைத் தட்டி ஏறுவதானால் ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒரே அட்டையில் குடும்பத்தையே ஏற்ற முடியாது.

கடைசி ஒரு மணி நேரத்தை ஃப்ளிசிங்கன் கரைக்கு வைத்துவிடுங்கள். ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போகும் பெருங்கப்பல்கள் அங்கே கரையை உரசுவதுபோல அருகில் கடந்து போகும், வழிகாட்டி மாலுமிகளைச் சுமந்த சிறு படகுகள் அவற்றின் பக்கவாட்டில் ஒட்டி ஓடும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும் என்பதால், வெளிச்சத்தை நம்பி உட்கார்ந்தவர்கள் நேரத்தை மறந்துவிடுவார்கள். ஓட்டுநர் புறப்பட வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே எல்லோருக்கும் நேரம் சொல்லி, ஒவ்வொரு பத்துப் பேருக்கும் தலையெண்ண ஒருவரை நியமித்துவிட்டுத்தான் நான் இப்போதெல்லாம் அந்த பெஞ்சில் உட்காருகிறேன்.